பதினேழு பவுடர் டப்பாக்களும் ஒரு கையெழுத்தும்

கைசுவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். பாத்திரம் கழுவுவாள். கழுவி வைத்ததையே எடுத்து மறுபடியும் கழுவுவாள். மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, ஒரே காப்பிக் கோப்பையை அவள் நான்காவது தடவை தேய்ப்பதைப் பார்த்த கணவன் இல்ப்போ, துண்டைத் தோளில் போட்டபடி சத்தமில்லாமல் கதவோரம் போய் நின்றுகொண்டான்.

மேசையில் பதினேழு பவுடர் டப்பாக்கள். எல்லாவற்றிலும் ஒரே வாத்துக்குஞ்சு, ஒரே மஞ்சள், ஒரே சிரிப்பு.

ஹாரமாக்கி ஊரில் அது ஆச்சரியமில்லை. அந்த ஊரே பவுடருக்கு அரைக்கிற கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நகத்தால் கீறினால் கோடு விழும், சாம்பல் பச்சைக் கல். அதை வெட்டி, மில்லில் அரைத்து, மூட்டை கட்டி காகித ஆலைகளுக்கும் பெயின்ட் ஆலைகளுக்கும் அனுப்புவார்கள். கொஞ்சம் தெற்கே போய், வாசனை சேர்ந்து, வாத்துக்குஞ்சு ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுட்ட பலகாரமும், பல் முளைக்க ஒரு காசும் கொண்டுபோவது பின்லாந்தின் அந்தக் கிழக்குப் பக்கத்து வழக்கம். ஹாரமாக்கிக்காரர்கள் மூன்றாவதாக ஒரு பவுடர் டப்பாவும் கொண்டுபோவார்கள். நம் கல், நம் பிள்ளை என்று சொல்லிக்கொள்வார்கள்.

வேண்டாம் என்று கைசு முன்பே சொல்லியிருந்தாள். மூட்டை கட்டும் பிரிவில் பக்கத்தில் நிற்கும் மர்யுத்துக்குத் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னாள். "எதுவும் கொண்டுவராதீங்க. கொண்டுவந்தே ஆகணும்னா பணியாரம் கொண்டு வாங்க. பவுடர் மட்டும் வேண்டாம். வீட்ல அப்பா இருக்காரு." மர்யுத் "சரி சரி" என்றாள். எல்லோரிடமும் சொல்லவும் செய்தாள். எல்லோரும் தலையாட்டிவிட்டு ஆளுக்கு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அப்பா தாவ்னோ, வாசல் அறையை அடுத்த சின்ன அறையில் இருந்தார். முப்பத்திரண்டு வருஷம் மில்லின் அரவைக் கூடத்தில் நின்றவர். இப்போது அறுபத்து மூன்று வயதில் மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கட்டிலுக்குக் கீழே காற்று இயந்திரம் இராப்பகலாக முனகிக்கொண்டிருக்கும். கைசுவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவார். அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தி, உடுப்பைக் களையச் சொல்லி, துடைப்பத்தால் தட்டிவிடுவாள். இமைமுடியில் ஒட்டியிருப்பது மட்டும் போகாது. பள்ளிக்கூடத்தில் அவளை "மாவு மூட்டை மகள்" என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களின் அப்பாக்களும் அதே மில்லில்தான் வேலை செய்தார்கள். அது பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை.

இருபத்து நான்கு வயதில் அவளும் அதே மில்லுக்குப் போனாள். முதியோர் இல்லத்தில் வேலை, இல்லாவிட்டால் மில். ஊரில் வேறு இல்லை. பன்னிரண்டு வருஷமாக முகமூடி போட்டுக்கொண்டு மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். இப்போது நல்ல முகமூடி தருகிறார்கள், வடிகட்டியை மாற்றுகிறார்கள், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சைப் படம் எடுக்கிறார்கள். அப்பா காலத்தில் அதெல்லாம் இல்லை.

இல்லை என்று நிரூபிக்கத்தான் முடியவில்லை. நகரத்து ஆஸ்பத்திரி மருத்துவர் படத்தைப் பார்த்த உடனே "இது கல்தூசி" என்றார். நஷ்டஈடு கேட்டதற்குக் காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய கடிதத்தில் "புகைப்பழக்கம்" என்று இருந்தது. தாவ்னோ பட்டாளத்தில் இருந்த ஒரு வருஷமும், அதற்குப் பிறகு ஆறு வருஷமும் சிகரெட் பிடித்தவர். பிறகு தொட்டதில்லை. மில் கொடுத்த பதிவேட்டில் எல்லோருக்கும் மாதா மாதம் முகமூடி கொடுக்கப்பட்டதாக எழுதியிருந்தது. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதே கூடத்தில் வேலை செய்த ஒருவர் எழுத்துமூலம் சாட்சி சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தில் நின்றவர்கள் நான்கு பேர். இருவர் செத்துவிட்டார்கள். தாவ்னோ ஒருவர். மிச்சம் இருப்பது ரெயோ. தாவ்னோவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பின்னால் மேற்பார்வையாளராகி, போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர். கைசு மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் ரெயோ "நினைவில்ல" என்றார். வரும் வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது.

"விடு" என்று தாவ்னோ சொல்லிவிட்டார். "எனக்குக் காசா வேணும். புகைன்னு எழுதியிருக்கானே, அதுதான் உறுத்துது. நானே என்னைக் கொன்னுக்கிட்ட மாதிரி."

இந்த ரெயோவும் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார், மனைவி ஹில்க்காவோடு. தாவ்னோவின் அறைப் பக்கம் அவர் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பனி எப்போது உருகும் என்று இல்ப்போவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஹில்க்காதான் தொட்டிலில் குனிந்தாள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் பெயரை வெளியே சொல்வதில்லை என்பதால் வீட்டில் குழந்தையைப் பொட்டலம் என்று கூப்பிட்டார்கள்.

"பொட்டலத்துக்கு என்ன இவ்வளவு ரோசம், முகத்தைப் பாரு, தாத்தா மாதிரியே" என்றாள் ஹில்க்கா. "ஐயோ, கழுத்து மடிப்புல ஈரம். புண்ணாயிடும்."

கைசு உள்ளே அடுப்பில் பணியாரத் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் ஹில்க்கா கொண்டுவந்த டப்பாவின் மூடி திறந்திருந்தது. ஒரு தட்டு. வெள்ளைப் புகை ஒன்று தொட்டிலிலிருந்து எழுந்து, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, அவசரமில்லாமல் இறங்கியது. பொட்டலம் இரண்டு தடவை தும்மிற்று. எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆரோக்கியம்" என்றது ஒரு குரல், தும்மினால் சொல்கிற வழக்கப்படி.

சின்ன அறையிலிருந்து இருமல் ஆரம்பித்தது. கதவு திறந்துதான் இருந்தது. அந்த இருமல் ஆரம்பித்தால் நிற்காது. கிணற்றிலிருந்து வெறும் வாளியை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும். கைசு ஓடிவந்து குழந்தையைத் தூக்கி, ஈரத்துணியால் கழுத்தையும் முகத்தையும் துடைத்தாள். வந்தவர்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். ரெயோ எழுந்து, கோட்டை எடுத்து, "ஹில்க்கா, போலாம்" என்றார்.

இப்போது அவள் ஐந்தாவது தடவையாகக் கோப்பையைக் கழுவினாள்.

"நடனக் கொட்டகைக்குக் குடுத்துடலாம்" என்றான் இல்ப்போ கதவோரத்திலிருந்து. "கோடையில தரையில தூவ அவங்களுக்கு நிறைய வேணும். காலு வழுக்கிட்டுப் போகும்."

"அங்க ஓரத்துல பெஞ்சில உக்காந்திருக்கிற பிள்ளைங்க?"

"சரி. கார்க் கதவு ரப்பர்ல தடவலாம். பனியில ஒட்டாது."

"பதினேழு டப்பாவையா? நம்மகிட்ட இருக்கிறது ஒரு கார்."

"பழைய சாமான் கடை?"

"அங்கேர்ந்து இன்னொரு தொட்டிலுக்குப் போகும்."

இல்ப்போ யோசித்தான். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்; மில்லோடு அவனுக்குச் சம்பந்தமில்லை; அதனால் எதையும் சுலபமாக நினைப்பான். "அப்ப குப்பைக்கிடங்கு. நாளைக்கே நான் கொண்டுபோய்ப் போட்டுடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

கைசு கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏன் தெரிய வேண்டாம்?"

"மனசு கஷ்டப்படுவாங்க. அன்பா கொண்டுவந்ததுதானே."

"எட்டு மணி நேரம் முகமூடிய இழுத்துக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க இல்ப்போ. மூக்குல ஒரு துளி போனா மேற்பார்வையாளர்கிட்ட சண்டைக்குப் போறாங்க. அதே மாவு. வாசனை போட்டு, வாத்து ஒட்டி, என் பிள்ளை மூஞ்சியில. டப்பாவுக்குப் பின்னாடி படிச்சியா? குழந்தையின் முகத்துக்கு அருகில் உபயோகிக்காதீர்கள். குழந்தைக்கு முகம் எங்கதான் இருக்கும், அடுத்த தெருவிலயா?"

"இப்ப என்ன பண்ணப் போற?"

"குடுத்தவங்ககிட்டயே குடுக்கப் போறேன்."

இல்ப்போ துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். அந்த ஊரில் அப்படி நடந்ததே இல்லை. "இன்னும் பத்து மாசத்துல லீவு முடிஞ்சு நீ அவங்களோடதான் நிக்கணும்" என்றான்.

"நிப்பேன்."

மறுநாள் காலை, தோள்பட்டையில் கட்டிய துணித் தூளிக்குள் பொட்டலம், அதற்கு மேல் பெரிய கோட்டு. பனியின் மேல் காலால் உதைத்து ஓட்டுகிற நாற்காலி வண்டியில், உட்காரும் இடத்தில் துணிக்கூடை, கூடையில் பதினேழு டப்பா. இரவு உறைந்து இறுகிய சாலை. எஃகுத் தகடுகள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு உதைக்கும் டப்பாக்கள் ஒன்றோடு ஒன்று மோதிக் கிலுகிலுத்தன. அந்தச் சத்தமே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஊர்வலம் போவதுபோல.

முதலில் மர்யுத் வீடு. மர்யுத் இரவு ஷிப்ட் முடித்து வந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தா" என்றாள் கைசு.

மர்யுத் டப்பாவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். வாயில் நுரை. "இதுக்கா இந்தக் குளிர்ல பிள்ளையத் தூக்கிட்டு வந்தே?"

"வேண்டாம்னு சொன்னேன் இல்ல."

"வெறுங்கையோட எப்படி வர்றது, நீயே சொல்லு. ஊர் என்ன பேசும்?" வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து டப்பாவை வாங்கி, துடைப்பம் வைக்கும் அலமாரியைத் திறந்தாள். "சரி விடு. கோச்சுக்காதே. உள்ள வா, காப்பி போடறேன்."

கைசு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டில் வரிசையாக வாத்துக்குஞ்சுகள். பத்துக்கு மேல் இருக்கும். ஒன்றின் கழுத்தில் நீலக் கம்பளி நூல் கட்டியிருந்தது. மர்யுத்தின் மகன் பிறந்தபோது கைசு கொண்டுவந்தது. நூல் முடிச்சு கூட அவிழவில்லை. பையனுக்கு இப்போது ஆறு வயது.

"இது நான் குடுத்தது."

"ஆமா."

"திறக்கவே இல்ல."

மர்யுத் தோளைக் குலுக்கினாள். "யாருதான் திறக்கறா? வரும், வைப்போம், அடுத்த பிள்ளை பிறந்தா எடுத்துக் குடுப்போம். நேத்து உனக்குக் குடுத்தது எங்கேர்ந்து வந்ததுன்னு நினைச்சே? கடையில வாங்கினதா?" சிரித்தாள். பிறகு கைசுவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இதப் பிள்ளைக்குப் போடக் கூடாதுன்னு."

"மில்லுல வேலை செய்யறவ யாராவது தன் பிள்ளைக்குப் போடுவாளா கைசு? உங்க வீட்ல போட்டாங்களா உனக்கு?"

போடவில்லை. அம்மா உருளைக்கிழங்கு மாவுதான் தொட்டுவைப்பாள். கைசு அதை இதுவரை யோசித்ததில்லை.

காப்பி குடிக்காமல் கிளம்பினாள். அடுத்த வீட்டிலும் அப்படித்தான். டப்பாக்கள் வாகன நிறுத்தக் கூடாரத்தில், குளிர்கால டயர்களுக்குப் பின்னால். அதற்கடுத்த வீட்டில் நிலவறையில், ஊறவைத்த வெள்ளரிக்காய்க்குப் பக்கத்தில். அங்கே ஒரு டப்பாவில் விலைச்சீட்டு பழைய நாணயத்தில் இருந்தது. பழைய நாணயம் போய் யூரோ வந்து பதினாலு வருஷம். எத்தனை தொட்டிலைப் பார்த்ததோ அந்த வாத்து.

நாலாவது வீட்டுக்கு அவள் போகவில்லை. சாலை நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றாள். காலையில் கிளம்பும்போது இந்த ஜனங்கள் அறியாதவர்கள் என்று நினைத்துக் கோபப்பட்டாள். அந்தக் கோபம் சின்னது, அதை ஒரு பையில் போட்டுத் தூக்கிவிடலாம். இப்போது வந்தது வேறு. எல்லோருக்கும் தெரியும். நாற்பது வருஷமாக ஊர் முழுக்கத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, சிரித்த முகத்தோடு, காப்பி குடித்துக்கொண்டே. அப்பா நெஞ்சில் இருப்பது என்னவென்று அவர்களுடைய அலமாரிகளுக்குத் தெரியும். காப்பீட்டுக்காரனுக்கு மட்டும் தெரியாது.

அவள் ரெயோவின் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். ஏற்றம். உதைத்து உதைத்து ஏறினாள். பொட்டலம் கோட்டுக்குள் சூடாக, எதைப் பற்றியும் கவலையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

ஹில்க்கா கதவைத் திறந்தாள். நேற்றைய முகத்தையே இன்றைக்கும் எடுத்து மாட்டிக்கொண்டாள். "அடடே, பொட்டலமா வந்திருக்கு? வா வா, இப்பதான் காப்பி வடிச்சேன்."

"காப்பி வேண்டாம்."

அந்த ஊரில் மில் முதலாளியைக்கூடப் பெயர் சொல்லி, நீ என்றுதான் பேசுவார்கள். அதில் அவமரியாதை ஒன்றுமில்லை. அவமரியாதை காப்பி வேண்டாம் என்பதில்தான் இருக்கிறது. ஹில்க்காவின் முகம் விழுந்தது.

"நேத்து தெரியாமப் பண்ணிட்டேன் கைசு. ஈரமா இருந்துச்சேன்னு."

"உன் பேரனுக்கு வந்த பவுடர் எங்க ஹில்க்கா?"

"என்ன?"

"மூணு வருஷத்துக்கு முந்தி, உன் பேரன் பிறந்தப்ப. எங்க ஷிப்டே வந்து குடுத்தமே. அது எங்க?"

"அது... தீந்துபோச்சு. பிள்ளைக்குப் போட்டுப் போட்டு."

"சவுனாக் குளியலறைக்குப் பின்னாடி இருக்கு" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். ரெயோ சமையலறை மேசையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "விறகுக்கு மேல. இருபத்திரண்டு டப்பா. ஒண்ணுகூடத் திறக்கல."

"ரெயோ" என்றாள் ஹில்க்கா.

"விடு. வந்திருக்கிறவ தாவ்னோ மகள். பொய் சொல்லி என்ன ஆகப் போகுது."

கைசு காலணியைக் கழற்றாமல் உள்ளே போனாள். அதுவும் அந்த வீட்டில் நடக்காத காரியம். பனி கம்பளத்தில் உருகியது. துணிக்கூடையை மேசை மேல் வைத்தாள். "ஏன் திறக்கல?"

ரெயோ தாளை மடித்தார். ஓரம் ஓரமாக, ரொம்ப நிதானமாக மடித்தார். "நான் இருந்த இடம் எனக்குத் தெரியாதா."

"அதத்தான் எழுதச் சொன்னேன். மூணு தடவை. நினைவில்லேன்னே."

"கைசு, அது அவ்வளவு சுலபமில்ல."

"விறகுக்கு மேல எத்தனை டப்பான்னு எண்ணி வச்சிருக்கே. அது நினைவிருக்கு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "பதிவேட்டுல யாரு கையெழுத்துன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். "மேற்பார்வையாளர் ஆனப்புறம் மாசாமாசம் நான்தான் போட்டேன். முகமூடி கொடுக்கப்பட்டது. பெட்டி வந்துச்சு, நிஜம்தான். உள்ள போடற வடிகட்டி வரல. எட்டு வருஷம் வரல. மேல கேட்டா அடுத்த மாசம்பாங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டே இருந்தேன். வெறும் துணியக் கட்டிக்கிட்டுத்தான் நானும் நின்னேன், உங்கப்பாவும் நின்னாரு. அதுக்கு முந்தி அதுவும் இல்ல. இப்ப வடிகட்டி இல்லேன்னு எழுதினா, நான் எட்டு வருஷம் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு நானே எழுதின மாதிரி. அதத்தான் எழுதச் சொல்றியா?"

"ஆமா."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. அந்த ஊரில் இப்படிக் கேட்டால், எதிரில் இருப்பவர் கொஞ்சம் இறங்கிவந்து, சரி, வயசான காலத்துல உனக்கு எதுக்கு என்று சொல்ல வேண்டும். கைசு சொல்லவில்லை.

"ஆமா ரெயோ. அதத்தான்."

"ஊர்ல என் பேரு..."

"எங்கப்பா பேரு இப்ப என்னவா இருக்கு தெரியுமா? சிகரெட்டுக்காரன். ராத்திரி மூணு மணிக்கு மூச்சு வராம உக்காந்திருக்கிறப்ப அவரு அதத்தான் சொல்லிச் சொல்லி மாயறாரு. நேத்து நீ என் வீட்டுக்கு வந்தே. அவரு ரூமுக்கும் உன் நாற்காலிக்கும் நாலு எட்டு. எட்டிப் பாக்கல. உன் பேரனுக்குப் போடாதத என் பிள்ளைக்குக் கொண்டுவந்து குடுத்துட்டு, பனி எப்ப உருகும்னு பேசிட்டிருந்தே."

ஹில்க்கா அழ ஆரம்பித்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. கோட்டுக்குள் பொட்டலம் விழித்துக்கொண்டு முனகியது. ஹில்க்கா பழக்கத்தில் இரு கையையும் நீட்டினாள். கைசு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"தாளை எடு" என்றாள் ரெயோவிடம்.

"இப்பவா?"

"இப்ப. நான் நிக்கிறேன்."

ரெயோ எழுந்து, இழுப்பறையில் தேடி, கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பெரிய விரல்களால் பேனாவைப் பிடித்து, பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த வருஷம் என்று எழுதினார். பிறகு நிறுத்தினார். பிறகு எழுதினார். கைசு நின்றபடியே, குழந்தையைத் தட்டியபடியே, அவருடைய தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"'சில சமயம் வடிகட்டி கிடைக்கவில்லை'ன்னு எழுதியிருக்கே."

"ஆமா."

"எட்டு வருஷம் சில சமயமா?"

அவர் பேனாவை அழுத்தி, 'சில சமயம்' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே 'எட்டு ஆண்டுகள்' என்று எழுதினார். அதற்குக் கீழே கேட்காமலே இன்னொரு வரி எழுதினார்: பதிவேட்டில் உள்ள கையெழுத்து என்னுடையது, அது உண்மை இல்லை. எழுதி முடித்தபோது காது வரை சிவந்திருந்தார். பெயர் எழுதினார், தேதி போட்டார், தாளைக் கிழித்து நீட்டினார்.

கைசு முழுவதும் ஒரு தடவை படித்தாள். பிறகு இன்னொரு தடவை. எட்டே வரிகள். அப்பா மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதம் வந்த நாளிலிருந்து ஐந்து மாதம். எட்டு வரி எழுத ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போது கடிகாரத்தில் பார்த்தாகிவிட்டது. பதினோரு நிமிஷம்.

நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. தாளை நாலாக மடித்து உள்சட்டைப் பைக்குள், பொட்டலத்தின் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தாவ்னோகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தார் ரெயோ.

"நீயே வந்து சொல்லு. கதவு திறந்துதான் இருக்கும்."

வாசல் வரை போய்விட்டாள். ஹில்க்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கியபடி பின்னாலேயே வந்தாள். "கைசு, இதையெல்லாம் இங்கயே விட்டுட்டுப் போறியே. எங்களோடது ஒண்ணுதான. மிச்சத்த நாங்க என்ன பண்றது?"

கைசு வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "விறகுக்கு மேல இடம் இல்லாமப் போனா, வெளிய எல்லார் கண்ணுலயும் படற மாதிரி அடுக்கி வை."

உதைத்தாள். இறக்கம். காலியான வண்டி இப்போது சத்தமே போடவில்லை. அஞ்சல் நிலையம் நாலு மணிக்கு மூடிவிடும்.